ரோஸி எந்த ஜாதி?

1966-ஆம் ஆண்டு ஆடி மாதம், கல்லுமேட்டுப்பட்டி டவுன் பஞ்சாயத்தின் சரித்திரத்தில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய தீர்மானம் ஒன்று ஏகமனதாக நிறைவேறியது. குடிதண்ணீருக்காக அல்ல, சாலைக்காகவும் அல்ல. அவற்றுக்கு என்ன அவசரம்? சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல், கழுத்தில் பித்தளை வில்லை இல்லாத எந்த நாயும் ஊருக்குள் உயிரோடு இருக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்மானம்.

வியாழக்கிழமை காலை, ஐந்தாம் வகுப்பு சகாயசெல்வி டீச்சர் வில்லை வாங்கத் தன் நாய் ரோஸியோடு பஞ்சாயத்து ஹெட்கிளார்க் பொன்னுத்துரையின் மேஜை முன் நின்றார். ரோஸி மூன்று வயதுப் பெட்டை. தேன் நிறம். உடம்பெல்லாம் சுருள் சுருளாக முடி. காதுகள் மட்டும் சுருளாமல் இரு பக்கமும் திரைச்சீலை மாதிரித் தொங்கின.

பொன்னுத்துரை பீரோவிலிருந்து பதினாலு-பி பாரம் ஒன்றை எடுத்துத் தூசி ஊதினார்.

"ஜாதி?"

"என் ஜாதியா, நாய் ஜாதியா?"

"நாய் ஜாதி, டீச்சரம்மா. உங்க ஜாதி எனக்குத் தெரியும்."

"அப்பன் பூடில். ஆத்தா காக்கர் ஸ்பானியல். ஆழ்குழாய்க் கிணறு போட வந்த அமெரிக்கத் துரை ஊருக்குப் போகையில கொடுத்தது. பூடிலுக்கு மூளை சாஸ்தி, காக்கருக்குக் குணம் சாஸ்தி. ரெண்டும் ஒண்ணாச் சேரட்டும்னு அவங்க ஊர்ல வேணும்னே கலக்குறாங்களாம். முடியும் உதிராதாம்."

"வேணும்னேவா?"

பொன்னுத்துரையின் பேனா நின்றுவிட்டது. அவருடைய வம்சம் ஏழு தலைமுறையாகக் கலக்காமல் வந்தது. அதன் ஒட்டுமொத்த விளைச்சல் அவர்தான்.

"கட்டம் ஒண்ணுதான் இருக்கு. ஏதாச்சும் ஒரு ஜாதி சொல்லுங்க."

"ரெண்டையும் எழுதுங்க. பொய் சொல்ல மாட்டேன்."

"அடியில என்ன போட்டிருக்கு பாருங்க. 'சுத்த ஜாதி மட்டும்.' கலப்புன்னா அந்தா நிக்குதே, அந்த வண்டியிலதான் ஏத்தணும்."

வாசலில் நாய் பிடிக்கும் வண்டி நின்றது. ரோஸி அதைப் பார்த்து வாலை ஆட்டியது. காக்கர் குணம்.

"போகட்டும், அடுத்தது. தாய் ஒரு வேளைக்கு எத்தனை படி பால்?"

"ஆறு குட்டி குடிச்சுச்சு. படி கொண்டுபோய் யாரு அளந்தா? நாய்க்கு எதுக்கு இதெல்லாம்?"

"சர்க்கார் காரணமில்லாமக் கேக்காது." அவர் 'அளவில்லை' என்று எழுதிக்கொண்டார்.

ஜாதிக் கட்டம் காலியாகவே இருந்தது. டீச்சர் வீடு திரும்பினார்.

அடுத்த வீட்டு ராமர், சலூன் வைத்திருப்பவர், விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "இம்புட்டுத்தானா? பூடிலாவே வெட்டிப்புடுவோம் டீச்சர்."

"பொய் சொல்ல மாட்டேன் அண்ணே."

"நீங்க ஏன் சொல்றீக? கத்திரி சொல்லட்டும்."

துரை விட்டுப்போன பத்திரிகையில் பூடில் படம் இருந்தது. அதைப் பார்த்து ராமர் முதுகை மொட்டையாக வழித்து, காலுக்குக் கால் ஒரு முடிப்பந்து, வால் நுனியில் ஒரு பந்து என்று விட்டுவைத்தார். டீச்சருக்கு அழுகை வந்தது. ரோஸி கண்ணாடியில் தன்னைப் பார்த்துக் குரைத்தது.

வெள்ளிக்கிழமை பொன்னுத்துரை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "இதுக்குச் சொறி!"

"சொறியில்ல, வெட்டினது."

"வெட்டினதுக்கு அத்தாட்சி? சொறி இல்லைன்னு மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர்கிட்டச் சீட்டு வாங்கியாங்க."

கம்பவுண்டர் சிலுவைமுத்து நியாயஸ்தர். "சொறி இல்லைன்னு எழுத எனக்கு அதிகாரமில்ல டீச்சர். சொறிக்கு மருந்து போட்டாச்சுன்னு வேணா எழுதலாம்."

"இல்லாத சொறிக்கா?"

"மருந்து போடாம எப்படி எழுதுறது? நானும் பொய் எழுத மாட்டேன்ல."

ஒரு புட்டி ஊதா மருந்து ரோஸியின் மேல் காலியாயிற்று.

சனிக்கிழமை மணி நாலு. பொன்னுத்துரை பாரத்தைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். மறுபடி பாரத்தைப் பார்த்தார்.

"நிறம் தேன்னு எழுதியிருக்கு. இது ஊதா. இது வேற நாய்."

அவர் கையசைத்தார். வண்டிக்காரன் சுருக்குக் கயிற்றோடு உள்ளே வந்தான்.

டீச்சர் ரோஸியைத் தூக்கிக்கொண்டு நேரே எக்ஸிகியூட்டிவ் ஆபீசர் சோலைமலையின் அறைக்குள் புகுந்து, அவர் மேஜைமேல் உட்காரவைத்தார். ஆபீசர் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடிக்கப் பையோடு எழுந்திருந்தார்.

"சார், நீங்க போட்டிருக்கிற சட்டை டெரிலினும் பருத்தியும் கலந்தது. உங்க காட்டுல நிக்கிற சோளம் சர்க்கார் கொடுத்த கலப்பு விதை. அதையெல்லாம் மொதல்ல அந்த வண்டியில ஏத்துங்க, அப்புறம் என் நாயை ஏத்தலாம். இதுக்கு அப்பன் பூடில், ஆத்தா காக்கர். ரெண்டு பேர் பேரும் வரணும். கட்டம் பத்தலைன்னா கட்டத்தைப் பெருசாக்குங்க. கயித்தோட ஒருத்தன் கிட்ட வந்தான்னா மொதல்ல என் கழுத்துலதான் மாட்டணும்!"

ரோஸி ஊதா நிற முன்னங்காலை நீட்டியது. ஆபீசர் பழக்க தோஷத்தில் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். குலுக்கிய பிறகு அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

"ரெண்டையும் எழுதித் தொலைங்கய்யா!"

பொன்னுத்துரை, ஏழு தலைமுறையும் விம்ம, ஒரு கட்டத்துக்குள் இரண்டு ஜாதியை எழுதினார். ஆபீசர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். அதில் அவருக்கு இருபது வருஷ அனுபவம். பியூன் முனீர் முத்திரை குத்தி, ரோஸியின் கழுத்தில் வில்லையைக் கட்டினார்.

நாய் வண்டியைத் தாண்டும்போது டீச்சர் வேண்டுமென்றே மெதுவாக நடந்தார். ஊதா நாய் அதைவிட மெதுவாக நடந்தது. பின்னாலேயே முனீர் பாரத்தை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"டீச்சர், செத்த நில்லுங்க! நாய்க்குப் பேரும் தெருவும் எழுதின துண்டுச் சீட்டே போதும்; என்னைய யாரு கேட்டா? இது பசுவுக்குச் சேக்குற பொலிகாளைக்கு உண்டான பாரம். ஆபீசர் கையெழுத்தாயிருச்சு, திங்கக்கிழமை காலம்பற ரோஸியக் கூட்டிக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு வந்துருங்க, ஏழு பசு வருது."