லைசென்ஸ் நைனா வாங்காத துப்பாக்கி

தமிழ்நாட்டிலேயே ஒரு முறைகூடத் துப்பாக்கியைத் தொடாமல் ஒரு தெருவுக்கே காவல் நின்ற மனிதர் எங்கள் கொரட்டூர் லைசென்ஸ் நைனா ஒருவர்தான். கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருந்தார். கைத்துப்பாக்கிதான் இல்லை.

கோவில்பதாகையில் நடந்த ஒரு நிலத் தகராறில் ஒருவர் "தீத்துடுவேன்" என்று மிரட்டப் போய், நைனா லைசென்ஸுக்கு எழுதிப்போட்டார். விசாரணை எல்லாம் முடிந்து அது கைக்கு வருவதற்குள் மிரட்டியவர் சம்பந்தியாகிவிட்டார்.

"சம்பந்திய எப்டிபா சுட்றது? பொண்ணு அங்க வாழுதுல்ல?"

ஆனாலும் ஏரிக்கரையில் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் நடப்பார். தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் இடுப்புப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் சிபாரிசு செய்வார்கள்.

போன வருடம் வாட்ஸப்பில் ஒரு சேதி வந்தது. துப்பாக்கிச் சட்டம் மாறப் போகிறதாம். கோயில், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எங்கும் கொண்டுபோகக் கூடாதாம். நைனா கொதித்துவிட்டார்.

"இன்னா அநியாயம்பா! அப்போ எங்கதான் எட்த்துகினு போறது?"

"உங்ககிட்டதான் இல்லியே நைனா?"

"அது வேற. உரிமைனு ஒண்ணு கீதுல்ல?"

அந்த வாரமே கரையான்சாவடியில் ஒரு கல்யாணம். பன்னீர் தெளித்த பெண்ணிடம் கவரில் போட்டிருந்த லைசென்ஸை நீட்டி, "இத்தோட உள்ள உடுவியாமா?" என்றார். அவளோ மொய்க் கவர் என்று எண்ணி மேடைக்கு அனுப்பிவிட்டாள். பிரித்துப் பார்த்த மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. மணப்பெண்ணின் அப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஐயா, எங்க சைடுல எதுனா கொறையா?"

முதல் பந்தியில், முதல் இலையில், நைனாவுக்கு மட்டும் நாலு வடை.

அடுத்த சேதி அரசாங்கத்திடமிருந்து தபாலில் வந்தது. குறித்த நாளுக்குள் துப்பாக்கியை வாங்க வேண்டும், இல்லையென்றால் லைசென்ஸைத் திருப்பித் தர வேண்டும். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒன்றை எடுத்து விசையை அழுத்திக் காட்டினார். 'டிக்' என்றது. நைனா என் மேல் சாய்ந்தார். சோடா தெளித்தோம்.

"பெரியவரே, உள்ள குண்டே இல்ல!"

"இல்லாமலே இப்டியா?"

அங்கிருந்து நேராகப் போய் லைசென்ஸை ஒப்படைத்துவிட்டார். திரும்பும்போது ரயிலில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"தெருவுல சொல்லிடாத தம்பி. நான் கீறேன்ற தைரியத்துலதான் எல்லாரும் தூங்குறாங்க."

நான் சொல்லவில்லை. தண்ணீர் லாரி வந்தபோது குடத்தோடு நின்ற அத்தனை பேரிடமும் அவர் மனைவியே சொல்லிவிட்டார்.

தெருவில் ஒருவரும் அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது, இன்றும் நாங்கள் வீட்டுச் சாவியை நைனா கையில்தான் கொடுத்துவிட்டுப் போகிறோம்.