ஷேடு அண்ணன் தள்ளிய ரிப்போர்ட்

எதைப் பார்த்தாலும் 'ஷேடு தப்பு' என்று சொல்லி, சொன்னது சரியென்று நிரூபித்தும் விடக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் செவிலிமேட்டில் இருக்கிறார். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். பெயர் எங்கள் லேப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு அவர் ஷேடு அண்ணன்.

அவர் தள்ளியவற்றை நான் வரிசையாகவே சொல்ல முடியும். ஒன்று, டவுன் பஸ்ஸுக்குப் புதிதாக அடித்த பெயின்ட். இரண்டு, ஓட்டல் சாம்பார். மூன்று, சொந்த மச்சான் கல்யாணத்தில் மணப்பெண் கட்டியிருந்த கூறைப்புடவை. தாலி கட்டும் நேரத்தில் எழுந்து நின்று, "பார்டர்ல ஒரு அரக்கு, முந்தில ஒரு அரக்கு! எவன்யா சாயம் போட்டது?" என்று கேட்டார். போட்டவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

நான்காவது, என் ரிப்போர்ட்.

அண்ணனுக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. போன வருடம் கெண்டைக்கால் இழுக்க ஆரம்பித்தது. அதுவும் கொதிக்கிற சாயத்தொட்டி முன்னால் நிற்கும்போது. ஒருநாள் நூல் கழியோடு தொட்டிப் பக்கம் சாய்ந்தவரை, அண்ணி சட்டையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினார். "கால் சரியாவாம தொட்டிகிட்ட போனே, தொட்டியையே ஒடைச்சிடுவேன்" என்று அறிவித்தும் விட்டார். சொன்னால் செய்கிறவர். அண்ணன் வேலையில்லாமல் வீட்டுச் சுவர்களின் ஷேடைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிறுநீரில் மெக்னீசியம் கூடுதலாகப் போய்விடலாம், அது குறைந்தால் தசை இழுக்கலாம் என்று சொல்லி டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அன்று லேபில் கூட்டம். அண்ணனுக்கு நரம்பு கிடைக்கவில்லை. மெல்லிய ஊசியால் எப்படியோ எடுத்து, சிரிஞ்சை வேகமாக அழுத்தி ட்யூபில் விட்டேன். மெஷின் நார்மல் என்றது. நானும் நார்மல் என்று ரிப்போர்ட்டை நீட்டினேன்.

அண்ணன் அதை வாங்கவில்லை. எனக்குப் பின்னால், ரத்தம் அடியில் தங்குவதற்காக மெஷினில் சுழற்றி எடுத்து ஸ்டாண்டில் வைத்திருந்த ட்யூப்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்த மூணாவது யாருது?"

"உங்களோடதுதாண்ணா."

"மத்ததுல மேல நிக்கிற தண்ணி வைக்கோல் கலர்ல இருக்குது. என்னுது மட்டும் வெங்காயத்தோல் கலர் அடிக்குது. சாயம் கழண்டுக்கினு இருக்குதும்மா."

"அண்ணா, இது ரத்தம். பட்டு நூல் இல்ல."

"எதுவா இருந்தா இன்னாம்மா? அலசுற தண்ணி செவந்தா வேலை தப்புன்னு அர்த்தம்."

"யோவ், ரத்தத்துலயும் ஆரம்பிச்சிட்டியா?" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். வரிசையே சிரித்தது.

ட்யூபை வெளிச்சத்தில் பிடித்தேன். லேசான சிவப்பு. எடுத்த வேகத்தில் சிவப்பணுக்கள் உடைந்திருந்தன. அவற்றுக்குள் இருக்கும் மெக்னீசியம் வெளியே வந்து கலந்தால், குறைவாக இருப்பவருக்கும் நார்மல் என்று காட்டிவிடும். எங்கள் பழைய மெஷின் இதையெல்லாம் கண்டுபிடிக்காது. நான் கண்டுபிடித்திருக்க வேண்டும். பரீட்சையில் இதே கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான்.

ரிப்போர்ட்டைக் கிழித்தேன். மறுபடி ஊசி, இந்த முறை நிதானமாக. சுழற்றி எடுத்த ட்யூபைக் காட்டினேன்.

"ஆங், இது ஷேடு" என்றார்.

மெக்னீசியம் நன்றாகவே குறைந்திருந்தது. வயிற்றெரிச்சலுக்கு அண்ணன் வருடக்கணக்காக விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டர் அதை மாற்றி, மெக்னீசியத்துக்கும் மாத்திரை கொடுத்தார். சில வாரங்களில் இழுப்பு நின்றது. அண்ணியின் அனுமதியோடு அண்ணன் தொட்டிக்குத் திரும்பினார்.

பெரிய லேப்களில் என்னென்னவோ மெஷின்கள் இருக்கின்றன என்று என் தோழிகள் பெருமை பேசுவார்கள். எங்களிடம் ஷேடு அண்ணன் இருக்கிறார் என்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வந்து, தன்னுடையதை மட்டுமல்ல, ஸ்டாண்டில் இருக்கும் அத்தனை ட்யூபையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

போன வாரமும் வந்தார். முழங்கை வரை மயில்கழுத்துப் பச்சை. எது சாயம், எது நரம்பு என்றே தெரியவில்லை. வெளியே காத்திருந்த ஏகப்பட்ட பேர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். இருக்கட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பச்சைக் கையைப் பிடித்துக்கொண்டேன்.