நாற்பதாவது ஆள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்திலிருந்து கோரம் அண்ணனைக் கள்ளத்தனமாக நீக்கியவன் நான். அப்போது நான் செயலாளர். போதாததற்கு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரும்கூட.

மலைநாட்டிலேயே ஒரு சங்கத்தின் யாப்பை, அதாவது அதன் சட்டவிதிகளை, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த ஒரே மனிதர் கோரம் அண்ணன்தான். அதைத் தயாரித்த நாங்களே படித்ததில்லை. பக்கத்துத் தோட்டத்துச் சங்கத்தின் யாப்பை இரவல் வாங்கி, பெயரை மாற்றிப் பதிவுக்குக் கொடுத்திருந்தோம். ஓரிடத்தில் பழைய பெயர் அப்படியே கிடந்தது. பல வருடம் கழித்து அதைக் கண்டுபிடித்தவர் அவர்.

"அப்ப இத்தன வருசமும் நாம அவுங்க ஆளுங்களத்தான் பொதைச்சமா சேர்?" என்று சிரிக்காமல் கேட்டார்.

தேயிலை ஸ்டோரில் கொழுந்து நிறுப்பது அவர் வேலை. லயத்து வரிசை வீட்டில் தனி ஆள். எங்கள் கூட்டம் செல்லுபடியாக நாற்பது பேர் வேண்டும், அதுதான் கோரம்; அதுவே அவர் பெயரும் ஆயிற்று. கூட்டத்தின் தொடக்கத் தேவாரம் முடிவதற்குள் தலைகளை எண்ணி முடித்திருப்பார். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் கையை உயர்த்தி, "ஆள் பத்தாது" என்றாராம். நான் நம்புகிறேன்.

என்னைத் தலைவராக்கவிருந்த பொதுக்கூட்டத்துக்குப் பிரதேச செயலகத்திலிருந்து உத்தியோகத்தர் வந்திருந்தார். மாலை, பட்டிஸ், தேத்தண்ணி எல்லாம் தயார். கோரம் எழுந்தார்.

"முப்பத்தெட்டுத்தான் சேர்."

"மழ பெய்யுதில்லையா அண்ணே. ரெண்டு பேருதானே, விடுங்க."

"விட்டா ஒங்க பதவி செல்லாதுங்க. நாளைக்கு ஒருத்தன் கேட்டா நீங்கதான் தலகுனியணும்."

உத்தியோகத்தர் அவர் சொல்வதே சரி என்று தலையாட்டி, இரண்டு பட்டிஸைத் தின்றுவிட்டு பஸ் ஏறினார். மாலை எங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்குப் போனது.

அந்த வஞ்சம் எனக்குள் இருந்தது. யாப்புப்படி, தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராதவர் உறுப்பினர் அல்லர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பதினான்கு நாள் முன்னால் அறிவித்தல் கையில் கிடைக்க வேண்டும். மூன்று முறையும் அவருக்கு மட்டும் நான் அனுப்பவில்லை. கூட்டம் என்று கேள்விப்பட்டும், "அறிவித்தல் இல்லாம போறது மொறயில்ல" என்று அவர் லயத்திலேயே இருந்துவிட்டார். நீக்கற் கடிதம் மட்டும் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். கடிதத்தைப் படித்துப் பார்த்து, "பிரிவு நம்பரு சரியாப் போட்டிருக்கீங்க சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் ஒவ்வொரு கூட்டத்துக்கும் குடையுடன் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டார். உள்ளே ஓர் அடி வைக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்க்கப் போனேன்.

"நான் போயிட்டா குழி வெட்ட சங்கத்து ஆளுங்களக் கேட்றாதீங்க சேர். நான் உறுப்பினர் இல்ல."

உறவென்று ஒருவருமில்லாத மனிதர். பாடை சுமக்க அவருக்கென்று இருந்த தோள்கள் சங்கத்துத் தோள்கள் மட்டுமே. அவற்றைப் பறித்தவன் கட்டிலருகே ஆரஞ்சுப் பழத்தோடு நின்றேன்.

அவர் பிழைத்து வந்ததும் விசேட பொதுக்கூட்டம் கூட்டி, எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். "நீங்களா சேர்?" என்று கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர் கேட்டார்.  கோரம் அண்ணனைத் திரும்பச் சேர்க்கக் கைகள் உயர்ந்தன. அப்போது சன்னல் தட்டப்பட்டது. கம்பளி சுற்றிய கோரம். பேச உரிமையில்லாததால் விரல்களால் காட்டினார்: முப்பத்தொன்பது.

"உள்ள வாங்கண்ணே, நாப்பதாயிரும்" என்றார் அந்த அம்மா.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். உறுப்பினர் அல்லாதவரை எப்படி எண்ணுவது? கூட்டத்தை ஒத்திவைத்தோம்.

அடுத்த கூட்டத்துக்குத் தோட்டமே திரண்டது. அவர் உறுப்பினரானார். ஆனதும் எழுந்து, அறிவித்தலை மறைத்த செயலாளர் பதவியிழப்பார் என்ற பிரிவை நிறுத்தி நிதானமாக வாசித்தார். நான் பதவியிழந்தேன். அவரே செயலாளரானார்.

அன்றிலிருந்து சரியாகப் பதினான்கு நாள் முன்னால் அறிவித்தலோடு என் வாசலுக்கு வந்து கையெழுத்து வாங்குகிறார். முழங்கால் வலியால் இரண்டு கூட்டத்துக்கு நான் போகவில்லை. போன மாதம் வந்தவர், "இது மூணாவது சேர்" என்றார்.

"நடக்க முடியலையே அண்ணே."

"வயசுக்குச் சலுக யாப்புல இல்லீங்க."

கூட்டத்தன்று இரண்டு பேரையும் ஒரு நாற்காலியையும் கொண்டுவந்தார். செத்த பிறகு கிடைக்க வேண்டிய தோள்களில் உயிரோடு போய் இறங்கினேன். அவர் தலைகளை எண்ணத் தொடங்கி, என்னிடம் வந்து நிறுத்தினார்.

"நாப்பது. கூட்டத்தத் தொடங்கலாம்."

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் எண்ணப்படாமல் இன்னும் இரண்டு வரிசை உட்கார்ந்திருந்தது.