ஈரல் சோதினையில் பெயிலான மாஸ்டர்

இரத்தப் பரிசோதனைக்கும் ஆயத்தம் செய்துகொண்டு போக வேண்டும் என்று நம்பிய ஒரே மனிதர், இந்தக் குடாநாட்டிலேயே, எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ரியூஷன் மாஸ்டர்தான். ஒழுங்கையில் பாதிப்பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

"சோதினைக்கு முதல் நாள் உடம்பை முறிச்சு உழைக்க வேணும் ஐசே" என்பார். அப்படியே செய்தார். நாளைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும்; இன்று விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை வாழைத்தோட்டம் முழுவதையும் கொத்தினார். மாதக்கணக்காக மண்வெட்டி தொடாத கை. வியர்வையோடு இரத்தத்தின் அழுக்கெல்லாம் போய்விடுமாம்.

முடிவு வந்தது. ஈரல் நொதியங்கள் அளவுக்கு மேல்.

"கூட எடுத்தவனைப் பெயில் விடுற சோதினை உலகத்திலை இது ஒண்டுதான்" என்று என்னிடம் புறுபுறுத்தார்.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். படலையில் நின்ற அவர் மனைவியிடம், "ஈரல் ஏன் பழுதாகும் அக்கா? மாஸ்டர் எங்கையோ போத்தல் ஒளிச்சு வைச்சிருக்கிறார்" என்றேன். பகிடிதான். அக்காவுக்குப் பகிடி பிடிபடாது. அரிஷ்டம்கூடக் குடிக்காத மனிதரின் வாயை அன்று மாலையே மணந்து பார்த்தார். அதன் பிறகு அவரோடு கதையில்லை. எல்லாம் பூனை வழியாகத்தான். "பூனை, உன்ரை ஐயாவைச் சாப்பிட வரச்சொல்லு." பூனை அசையாது, மாஸ்டர் போவார். ஓயாமல் கதைக்கும் அக்கா வாயை மூடியதில் மனிதர் மெலிந்தே போனார்.

டொக்டரிடம் அக்காவும் போனார், தீர்ப்புக் கேட்க. குற்றம் குறுகுறுக்க நானும் போனேன்.

"குடிக்கிறனீங்களோ ஐயா?"

"தேத்தண்ணி."

"இரத்தம் குடுக்க முதல் நாள் என்ன செய்தனீங்கள்?"

"வாழைத்தோட்டம் கொத்தினனான்" என்றார் மாஸ்டர் பெருமையாக.

டொக்டர் சிரித்துவிட்டார். அந்த நொதியங்கள் ஈரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கின்றனவாம். பழக்கமில்லாமல் உடம்பை முறித்தால் தசையிலிருந்து கசிந்து இரத்தத்தில் கூடுமாம். கொழுப்பு, மருந்து, காய்ச்சல் என்று வேறு காரணங்களும் உண்டாம். குடிதான் என்று எடுத்தவுடன் சொல்ல முடியாதாம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்ச நாள் சும்மா இருந்துபோட்டு, திரும்ப வந்து இரத்தம் குடுங்கோ."

சும்மா இருப்பதுதான் மாஸ்டருக்கு ஏறாத பாடம். அக்காவோ இரண்டாவது முடிவும் வரட்டும் என்று இருந்தார். மாஸ்டர் வாளியைத் தொட்டாலே குரல் வரும்: "பூனை, உவரை இருக்கச் சொல்லு."

இரண்டாவது முடிவில் எல்லாம் அளவாக இருந்தன. அக்கா கடுதாசியை மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டு, "இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றார். மாஸ்டர் பூனையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழும்பினார்.

அன்றைக்கே அவரிடம் ஒப்புக்கொண்டேன். "மாஸ்டர், போத்தல் கதை நான் சொன்னது."

"தெரியும். அண்டைக்கே மனிசி பூனையிட்டைச் சொன்னவ."

"பிறகேன் என்னோடை கதைச்சனீங்கள்?"

"வீட்டிலை கதைக்க ஆளில்லை. உம்மோடையும் கோவிச்சா நான் ஆரோடை ஐசே கதைக்கிறது?"

நாளைக்கு எனக்கு இரத்தப் பரிசோதனை. மாஸ்டர் விடியவே வந்து எதிர்க் கதிரையில் காவல் இருக்கிறார். எழுதுவதும் வேலைதானாம், பேனையை வைக்கச் சொல்கிறார். அவர் சொன்னால் வைத்துவிட வேண்டியதுதான்.