பார்லர் அக்காவின் ரம்பம்

தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவில், பெண்களின் புருவத்தையும் ஆண்களின் ரம்பத்தையும் ஒரே கையால் திருத்தக்கூடிய ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் பார்லர் அக்கா. அவர் பீர்க்கன்கரணையை விட்டுப் போன பிறகு புருவத்துக்கு வேறு இடம் கிடைத்துவிட்டது. ரம்பத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று ஆதார் அட்டையில் இருந்திருக்க வேண்டும். தெருவில் யாருக்கும் தெரியாது. என்னைவிடப் பத்து வயது இளையவர்தான், ஆனாலும் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற என் எதிர்வீட்டுக்காரர், எல்லோருக்கும் ஈபி சார், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வீட்டின் முன்னறைதான் பார்லர். மேலே பெயர்ப்பலகை, பலகைக்கு முன்னால் ஒரு பாதாம் மரம். அதன் கிளை ஒன்று பலகையை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். மரம் இலை உதிர்க்கும் மாதங்களில்தான் அங்கே பார்லர் இருப்பதே வெளியாட்களுக்குத் தெரியும். அதனால் அக்காவுக்குப் புது வாடிக்கையாளர்கள் வருஷத்தில் இரண்டு சீசனில் மட்டுமே வந்தார்கள்.

அந்தக் கிளையை வெட்டத்தான் ரம்பம் வந்தது. அக்காவின் கணவர் சவூதியில் ஏசி மெக்கானிக். லீவில் வந்த முதல் வாரமே ஆன்லைனில் ஒரு பேட்டரி ரம்பம் ஆர்டர் போட்டார். ஒரே கையில் பிடிக்கிற குட்டி ரம்பம். சைக்கிள் செயின் மாதிரி ஒரு செயின், அதில் பல் வைத்திருக்கும், சுவிட்சை அழுத்தினால் சுற்றும். முதல் வாரத்தில் ஆர்டர் போட்டது, அவர் சவூதிக்குத் திரும்பிக் கிளம்புகிற அன்று காலையில் வந்து சேர்ந்தது. மனுஷர் பேண்ட் சட்டையோடு ஏணியில் ஏறிக் கிளையில் வைத்தார். துணிக்கொடி கட்ட எப்போதோ அடித்திருந்த ஆணியில் போய்ப் பட்டது. பல்லெல்லாம் மழுங்கிவிட்டன. வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது.

"நீ ஏறாத. ஆள் வெச்சும் வெட்டாத. அடுத்த லீவுல நானே வந்து முடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார்.

அவர் வரும்போது ரம்பம் மழுங்கலாக இருக்கக் கூடாது என்பது அக்காவின் கணக்கு. "அத்த பல்லுன்றாங்க சார். எனுக்கு அது நகமாத்தான் தெரிஞ்சுது" என்று பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார். முதலில் பார்லரில் நகம் தேய்க்கிற கருவியால் தேய்த்துப் பார்த்தார். கருவிதான் தேய்ந்தது. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய், பென்சிலைவிட ஒல்லியான உருண்டை அரம் ஒன்று கேட்டிருக்கிறார்.

"வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லயாமா?" என்றாராம் கடைக்காரர்.

"இருக்காரு. சவூதில. ரம்பத்த பார்சல்ல அனுப்பி, அவரு தீட்டினதும் திருப்பி வாங்கிக்கவா?"

கடைக்காரர் அரத்தை எடுத்துக் கொடுத்தார்.

நான் மாட்டிக்கொண்ட கதை வேறு. மழைக்காலத்துக்கு முன்னால் ஏதோ தள்ளுபடியில் நானும் அதே மாதிரி ரம்பம் வாங்கினேன். முருங்கையில் வைத்தால் வெட்டாமல் புகைந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி, "எங்கயோ தீஞ்ச வாசனை வருது" என்றாள். ரம்பத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். உள்ளே பெண்களுக்கு மட்டும்தான் அனுமதி. ஆண்கள் திரைக்கு வெளியே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, ரம்பத்தை மட்டும் உள்ளே நீட்ட வேண்டும்.

"மொதல்ல பேட்டரிய கழட்டுங்க சார். துள்ற கைக்கு நான் நகம் வெட்ட மாட்டேன்" என்றது உள்ளேயிருந்து குரல்.

அக்காவின் முறையே தனி. முதல் பல்லில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு, எங்கே ஆரம்பித்தோம் என்று மறக்காமலிருக்க. ஒவ்வொரு பல்லுக்கும் மூன்றே தள்ளு. தள்ளும்போது அழுத்தம், திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். ஒருபக்கப் பற்களை முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். நான்காவது தள்ளு தள்ளினால் திட்டு விழும். பல்லின் முதுகில் சாய்வாக ஒரு கோடு உண்டு, தீட்டத் தீட்டப் பல் குட்டையாகி அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டால் செயினைத் தூக்கிப்போட வேண்டியதுதான் என்று எனக்குச் சொன்னதும் அவர்தான்.

அன்று முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காய்கறிப் பையோடு அந்தப் பக்கம் வந்த என் மனைவி, "லேடீஸ் பார்லர் வாசல்ல என்ன பண்றீங்க?" என்றாள். நான் வாயைத் திறக்குமுன் உள்ளேயிருந்து பதில் வந்தது. "சாருக்கு மெனிக்யூர் போயினு கீதுக்கா!" உள்ளே முகத்தில் ஃபேஸ் பேக் பூசிக்கொண்டு படுத்திருந்த யாரோ சிரித்துவிட, "சிரிக்காதமா, வெடிச்சிடும்" என்று அதட்டல்.

கடைசியில் திரை வழியாக ரம்பம் வந்தது. "இப்ப வெட்டும் சார். செயின தலகீழா மாட்டியிருந்தீங்க. திருப்பி மாட்டிட்டேன்."

"அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா!"

"சொல்லியிருந்தா எழுந்து போயிருப்பீங்க. பல்லு மழுங்கித்தானே கெடந்துச்சு?"

வீட்டுக்குப் போய் வெட்டினேன். அதுவரை மாவாகக் கொட்டிக்கொண்டிருந்தது, தேங்காய்த் துருவல் மாதிரி சுருள் சுருளாக விழுந்தது. கூலி கேட்டால், "வூட்டம்மாவ ஐப்ரோவுக்கு அனுப்புங்க" என்பார். அதன் பிறகு எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் புருவம் திடீரென்று திருத்தமாகிவிட்டால், அந்த வீட்டில் ஒரு ரம்பம் வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அக்காவின் சொந்த ரம்பத்துக்கு நாள் வெள்ளிக்கிழமை. அன்றுதான் கணவருக்கு விடுமுறை, வீடியோ கால் வரும். போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்துவிட்டு, பேசிக்கொண்டே தீட்டுவார். "பாருங்க மச்சான், எப்டி மின்னுது." அந்தப் பக்கத்திலிருந்து, "அடுத்த மாசம் லீவு குடுத்துடுவாங்க" என்று வரும். அடுத்த மாதம், மாற்று ஆள் வரவில்லை. அப்புறம் பெருநாளைக்கு என்றார். பெருநாளைக்கு ஏதோ பெரிய ஏசி நின்றுபோனது. இப்படியே மூன்று வருஷம். ஒவ்வொரு தேதிக்கும் அக்கா ரம்பத்தைத் தயார் செய்தார். கிளை அதுபாட்டுக்கு வளர்ந்து மாடி ஜன்னல் வரை போய்விட்டது.

நடுவில் ஒரு புயல். தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் குறுக்கே விழுந்து, பால் வண்டிகூட உள்ளே வர முடியவில்லை. காலையில் நானும் ஈபி சாரும் முழங்கால் தண்ணீரில் நின்று வெட்டினோம். பட்டையில் இருந்த சேற்றால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை என் செயின் மழுங்கியது. அக்கா அந்தத் தண்ணீரிலேயே ஸ்டூலைப் போட்டு, குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சலிக்காமல் தீட்டித் தீட்டிக் கொடுத்தார்.

ஈபி சாருக்குப் பொறுமை போய்விட்டது. "அக்கா, உங்களுது பளபளன்னு உள்ள தூங்குதே. அதைக் குடுங்களேன். என்ன, தங்கத்துலயா பண்ணியிருக்கு?"

"அத்த மட்டும் கேக்காதீங்க சார்" என்றார் அக்கா, அரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரு பாதில வுட்டுட்டுப் போன வேல. அவரு கையாலதான் முடியணும். வேற ஒருத்தர் வெட்டிட்டா, அப்புறம் எதுக்கு வரணும்னு ஆயிடும்."

ஈபி சார் குனிந்து, வெட்டிய துண்டுகளை ஓரமாக இழுத்துப் போட ஆரம்பித்தார். நானும்தான்.

ஒருவழியாக அக்காவின் கணவர் வந்தார். கம்பெனியே மூடிவிட்டதால் ஒரேயடியாக வந்துவிட்டார். டாக்சி எங்கள் தெருவை இரண்டுதரம் சுற்றியது, சொந்த வீட்டுப் பலகை அவர் கண்ணிலேயே படவில்லை. மறுநாள் காலை ஏணி வந்தது. தெருவில் பாதி பேர் வேடிக்கை பார்க்க நின்றோம். அக்கா புதுப் புடவையில், பேட்டரி மாட்டின ரம்பத்தை இரண்டு கையாலும் நீட்டினார்.

அவர் வாங்கினார். செயினைப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பற்கள் கோட்டையும் தாண்டித் தேய்ந்து, அரிசி முனை அளவுக்குத்தான் மிச்சம் இருந்தன.

"இன்னா இது? எத்தினி மரம் வெட்டுன நீ?"

"ஒண்ணுகூட இல்ல மச்சான்."

"அப்புறம் எப்டி இவ்ளோ தேஞ்சுது?"

அக்கா தரையைப் பார்த்தார். "நீங்க ஒவ்வொரு தபா தேதி சொல்லும்போதும் தீட்டினேன். எல்லாருக்கும் அளவு சொன்னேன். எனுக்குத்தான் நிறுத்த தெரியல."

கணவர் ஏணியின் இரண்டாம் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஈபி சார் மூக்கைச் சிந்திக்கொண்டு, ஜலதோஷம் என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார். நான் வீட்டுக்கு ஓடி என் ரம்பத்தை எடுத்து வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் ஏறினார், வெட்டினார், கிளை சடசடவென்று விழுந்தது, எல்லோரும் கை தட்டினோம். பலகை வெளியே வந்தது. மூன்று வருஷம் நிழலிலேயே இருந்ததில் பாசி பிடித்து, ஒரு எழுத்தும் தெரியவில்லை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படி அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தப் பலகைக்குப் புதுப் பெயின்ட் அடிக்கவே இல்லை. ஆம்பூரில் கணவருடைய தம்பி ஏசி கடை வைத்திருந்தார். ரெண்டு மாதத்தில் அங்கேயே போய்விட்டார்கள். இனி ஒரே ஊரில் இருக்கப்போகிறார்கள் என்று எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

தீட்டுவதெல்லாம் எனக்கு நன்றாகவே வரும். ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறை போன் போட்டு, ஏதாவது சந்தேகம் கேட்பேன். சாய்வு எவ்வளவு, எந்தப் பக்கம் முதலில், எண்ணெய் எப்போது என்று போனமாதம் கேட்டதையே கேட்பேன். அக்காவும் முதல்தரம் சொல்வதுபோல் முழுசாகச் சொல்வார். பின்னால் அவர் கணவரின் குரல் கேட்கும், டீ ஆறுகிறது என்று.

"வெச்சிடட்டா சார்?" என்பார் அக்கா.

"இருங்க அக்கா, இன்னொரு சந்தேகம்" என்பேன் நான்.