ஒன்பதாம் இலக்கத்தில் பால் காய்ச்சிய கதை

ஒன்பதாம் இலக்க இடம் (வீடு அல்ல, இடம்),
கேப் பிரெட்டன் கரை, நோவா ஸ்கோஷா.
ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய மாமா சச்சிதானந்தன் அவர்களுக்கு,

மருமகன் ஜெனோசன் எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம், நீங்களும் யூனியன்வில்லில் சுகமாயிருக்க இறைவன் துணை என்று தொடங்குவதுதான் முறை. உங்கள் சுகத்தில் எனக்குச் சந்தேகமில்லை. பஸ் தரிப்பிட வாங்குகளில் ஒட்டிய விளம்பரங்களில் எல்லாம் நீலக் கோட்டுப் போட்டுச் சிரித்தபடி வீடு விற்கிற மனிதர் சுகமில்லாமல் இருக்க வழியில்லை. எங்கள் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டாவது வசனத்துக்கு வருமுன் 'பிறகு எடுக்கிறன் தம்பி, கிளையன்ற் நிக்கினம்' என்பீர்கள். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது.

உங்களுக்குத் தெரிந்ததையே முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதை விட்டுவிட்டு வேறொன்றைச் சொல்லித் திரிகிறீர்கள். ஏப்ரலில், ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற்காரர் தன் மகன் குடிவரப்போகிறான் என்று எங்களை வெளியே எழுப்பினார். மகனுக்கு வயது ஒன்பது. இரண்டு பேர் முழுநேரம் உழைத்தும் ரொறன்ரோவில் கதவு வைத்த ஒரு அறை எங்களுக்கு அகப்படவில்லை. ஆகவே உள்ளே சமைத்துப் படுக்கக்கூடிய, இருபத்திரண்டடி நீளமான ஒரு பழைய ரெயிலரை வாங்கி, எனக்கு மீன் ஆலையில் வேலை கிடைத்த இந்தக் கரைக்கு இழுத்து வந்தோம். ரெயிலர்கள் நிறுத்துகிற ஆர்.வி. முகாம் என்றதும் நீச்சல் குளம் உள்ளதாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு சரளைக்கல் இடங்கள், கையால் அடிக்கிற ஒரு பம்பு, மரங்களுக்குப் பின்னால் ஒரு கழிப்பறை, ஒரு விதிப் பலகை, அவ்வளவுதான். மின்சாரம் இல்லை. கடல் உண்டு, ஆனால் கிழமையில் இரண்டு நாள்தான் கண்ணில் படும். மற்ற நாட்களில் பனிமூட்டத்துக்குள் இருந்து சத்தம் மட்டும் போடும். சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் தேவாலயத்தின் கார் தரிப்பிடம் என்பதால், உங்கள் மகள் அட்சயா தன் காப்புறுதிக் கொம்பனி வேலையை அங்கே வாகனத்துக்குள் இருந்து செய்கிறாள். ஊரில் யாராவது செத்துச் சவப்பெட்டி வந்தால் அன்று அவளுக்கு லீவு.

இதைத்தான் நீங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'மகளும் மருமகனும் அத்திலாந்திக்கில ஓஷன் புரொன்ற் வீடு எடுத்திட்டினம்' என்று போட்டீர்கள். எழுபத்துநாலு பேர் கைகூப்பினார்கள். அதன் பிறகு நீங்களாகவே இரண்டு தரம் போன் எடுத்தீர்கள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நீங்களாக எடுத்தது அந்த இரண்டு தரம்தான். 'கரை எத்தினை அடி தம்பி வரும்? பம்புத் தண்ணி உப்போ, நல்ல தண்ணியோ?' என்று கேட்டீர்கள். 'அப்பா நாங்கள் குடிக்கிற தண்ணியைப் பற்றி யோசிக்கிறார்' என்று அட்சயா அன்று முழுக்கச் சந்தோசமாக இருந்தாள். நானும் ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்துப் படம்பிடித்து அனுப்பினேன்.

சனிக்கிழமை பின்னேரம் பதினைந்து இருக்கை வான் ஒன்று வந்து நின்றது. இரண்டு நாள் ஓடி வந்த வான். மாமியோடு பதினொரு பேர், புதுவீட்டில் பால் காய்ச்சிக் குடிபூரலுக்கு. நீங்கள் மட்டும் இல்லை. உங்களுக்கு ஓப்பின் ஹவுஸ், விற்கிற வீட்டைத் திறந்து ஆட்களுக்குக் காட்டுகிற நாள். வானுக்குள் இருந்து நான்கு சுவர்க் கடிகாரம், ஒரு மைக்ரோவேவ், கண்ணாடி போட்ட இலட்சுமி படம், ஒரு புல் வெட்டும் மெசின் எல்லாம் இறங்கின. கடைசியாகப் பட்டுச்சேலையோடு மாமி இறங்கினா.

"எங்கை பிள்ளை வீடு?"

"இதுதான் அம்மா."

"உது வாகனமெல்லே. வீடு எங்கை?"

உங்கள் கூட்டாளியின் மனைவி அருள்மலர் அன்ரி, "அந்த மரங்களுக்குப் பின்னாலை ஏதோ கூரை தெரியுது மங்கை" என்று மாமியிடம் சொல்லிவிட்டு நடந்து போனா. போன வேகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்து, "சின்னனாக் கிடக்கு. இன்னும் கட்டி முடியேல்லைப் போல" என்றா.

மாமி ரெயிலரை ஒரு தரம் சுற்றி வந்து சில்லுகளைப் பார்த்தா. அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, "சில்லு இருந்தாலும் கூரை கிடக்குத்தானே. கூரை கிடந்தால் வீடு. விடியப் பால் காய்ச்சுவம்" என்றா. உங்கள் வீட்டில் மனிதர் என்று சொல்லக்கூடியவர் அவதான், மாமா. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விடிந்தது. ஐயர் குறித்துக் கொடுத்த சுபவேளை ஆறு பன்னிரண்டிலிருந்து ஏழு நாலு. இங்கே நேரம் ரொறன்ரோவை விட ஒரு மணித்தியாலம் முந்தி ஓடும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை. "கிரகம் ரொறன்ரோவையா பாத்துக்கொண்டிருக்கு, அன்ரி? இஞ்சத்தை நேரம்தான் சரி" என்றேன். "ஐயர் ரொறன்ரோவில இருந்தெல்லோ குறிச்சவர்? அவரின்ரை மணிக்கூடுதான் கிரகத்துக்கும்" என்றா அருள்மலர் அன்ரி. நாலு புதுக் கடிகாரமும் நாலு நேரம் காட்டின. கடைசியில் இரண்டு தரம் காய்ச்சுவது என்று சமாதானமானது. இந்த ஊர் நேரப்படி வைத்த முதற்பால் பொங்கவே இல்லை. காஸ் குறைவு, கதவைத் திறந்து வைத்ததால் கடற்காற்று, அடுப்பு அழுதுகொண்டிருந்தது, வேளை முடிந்துவிட்டது. ரொறன்ரோ நேரப்படி வைத்த இரண்டாம் பாலுக்கு நான் புது சிலிண்டர் மாட்டினேன், மாமி விளிம்புவரை ஊற்றினா, அது பொங்கியது பாருங்கோ, அப்படி ஒரு பொங்கல், பொங்கி அடுப்பை அணைத்து, மாமியின் காலைச் சுட்டு, சரிந்து நிற்கிற ரெயிலர் என்பதால் நேரே மேசைக்கு ஓடி, அட்சயாவின் கொம்பனி லாப்டொப்புக்குள் இறங்கியது. "கிழக்காலை வழிஞ்சது! நல்ல சகுனம்!" என்று எல்லோரும் கத்தினார்கள். அணைந்த அடுப்பில் காஸ் கசிந்து அலாரம் அலறத் தொடங்கியது. முகாம்காரர் ஆங்கஸ், எழுபத்துநாலு வயது, முழங்கால் ஏலாத மனிதர், தீயணைப்பு உருளையோடு நொண்டி நொண்டி ஓடிவந்து பால் பானை, மாமி, இலட்சுமி என்று ஒரு வேறுபாடில்லாமல் வெள்ளைத் தூளை அடித்துத் தள்ளினார். "திருநீறும் வந்திட்டுது" என்றா அருள்மலர் அன்ரி.

தூள் அடங்கியதும் ஆங்கஸ் ஆட்களை எண்ணினார். ஒரு இடத்துக்கு ஆறு பேர் என்று பலகையில் எழுதியிருக்கிறது, நாங்கள் பதின்மூன்று. அவர் ஒன்றும் சத்தம் போடவில்லை. நிலத்தைப் பார்த்தபடி சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனார். இந்த மாதக் கடைசிக்குள் இடத்தை விட்டுப் போக வேண்டும் என்று இருந்தது. நாங்கள் ஒக்டோபர் வரை இருக்கலாம் என்று நம்பிய இடம்.

இத்தனைக்கும் வானில் வந்த உங்கள் கூட்டாளி பஸ்ரியன் அங்கிள் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை. காலையிலிருந்து அளவு நாடாவோடு கரை முழுக்க நடந்துகொண்டிருந்தார். என்ன அங்கிள் செய்யிறியள் என்று கேட்டேன்.

"வாஸ்து பாக்கிறன் தம்பி."

"நீங்கள் வேதமெல்லோ அங்கிள், சேர்ச்சுக்குப் போறனீங்கள்?"

"ஆருக்கும் திசை நாலுதானே அப்பன்."

மத்தியானம் எல்லோரும் வானில் ஏறிப் போய்விட்டார்கள். புல் வெட்டும் மெசின் சரளைக்கல்லின் மேல் நிற்கிறது. லாப்டொப் செத்துவிட்டது, கொம்பனி என்ன சொல்லப்போகிறதோ தெரியாது. இருக்க இடமும் இன்னும் பதின்மூன்று நாளுக்குத்தான். நான் கல்லில் குந்தியிருந்து வாயில் வந்ததெல்லாம் பேசினேன். அப்போது அட்சயா என்ன சொன்னாள் தெரியுமா? "அப்பா வரேல்லைத்தான். எண்டாலும் எங்களுக்கெண்டு ஆக்களைத் திரட்டி அனுப்பியிருக்கிறார், ஜெனோ. முதல் தரம்" என்று சொல்லி அழுதாள். சந்தோசத்தில். அதற்காகத்தான் இந்தக் கடிதத்தை இவ்வளவு மரியாதையோடு எழுதுகிறேன். இல்லாவிட்டால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதனால் இரண்டு விசயம். ஒன்று, உங்கள் பேஸ்மென்ற்றில் ஐந்து மாணவர்களை அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்பது தெரியும். கராஜில் ஒரு மூலையைத் தாருங்கள், ஒரு மாதம் போதும். இரண்டு, எங்கள் கல்யாண மண்டபத்தில் மைக் அணைந்துவிட்டது என்று நினைத்து நான் சொன்ன வசனம்: 'மாமாவுக்கு மனிசர் தெரியாது, சதுர அடிதான் தெரியும்.' மூன்று வருடமாக அதை வாபஸ் வாங்கும்படி அட்சயா கேட்கிறாள். இன்று வாங்குகிறேன். முழு மனதோடு. நான் உங்களைப் பிழையாக விளங்கிக்கொண்டேன்.

மாமியின் சுட்ட காலுக்குக் களிம்பு பூசச் சொல்லுங்கள். உங்களுக்கு நீண்ட ஆயுளும், நல்ல வியாபாரமும், எங்களுக்கு ஒரு கதவும் கிடைக்க வேண்டும் என்று வேண்டும்,

அன்பு மருமகன்
ஜெனோசன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடப் போகும் வழியில், பால் விசயத்துக்கு மன்னிப்புக் கேட்போம் என்று ஆங்கஸிடம் போனேன். பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். அந்தத் தாளை ஒரு மாதத்துக்கு முன்பே அடித்து, கொடுக்க மனமில்லாமல் பையில் வைத்துத் திரிந்தாராம். பார்த்தேன், திகதி ஜூலை பதினாறு. முகாம் விலைப்பட்டுவிட்டது. வாங்குகிறவர்கள் ரொறன்ரோவில் ஆறு பங்காளிகளாம். சனிக்கிழமை குடும்பத்தோடு வந்து இடத்தைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை கரையை அளந்துகொண்டு போனார்களாம். "மிக நல்ல மனிதர்கள், பாலெல்லாம் காய்ச்சினார்கள்" என்றார் பாவம். அவர்களைச் சேர்த்துவிட்ட தரகருடைய விசிற்றிங் காட்டையும் தந்தார். நீலக் கோட்டு. அதே சிரிப்பு.

அந்த வசனத்தை வாபஸ் வாங்கியதை வாபஸ் வாங்குகிறேன். கராஜும் வேண்டாம்.

மாமிக்கு இது தெரிந்திருக்காது என்று நான் நம்புகிறேன். அட்சயா அந்த விசிற்றிங் காட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் செத்த லாப்டொப்பின் மேல் வைத்தாள். மேசையில் காய்ந்திருந்த பாலை நகத்தால் சுரண்டினாள். பிறகு, "இஞ்சத்தை நேரத்துக்கு வைச்ச எங்கடை பால் பொங்கேல்லைத்தானே, ஜெனோ. ரொறன்ரோ நேரத்துக்கு வைச்சதுதான் பொங்கினது" என்றாள்.