கட்டிலில் படுத்த டபுள் பாஸ்

இனி எந்த விஷயத்திலும் மனைவி பேச்சைக் கேட்பதில்லை என்று இந்தச் சித்திரையில் முடிவெடுத்தேன். முதல் விஷயமாக வந்து வாய்த்தது ஒரு டபுள் பாஸ்.

எங்கள் மாடியில் குடியிருந்த ஜெர்மன்காரர் ஊருக்குக் கிளம்பும்போது விட்டுப்போனது. பார்க்க வயலின்தான், ஆனால் என்னைவிட உயரம். வயிற்றில் விரிசல், கழுத்தில் ஆட்டம், நாலு தந்தியில் ஒன்றுதான் பாக்கி. அதைச் சரிசெய்து, நானே வாசித்து, கார்த்திகை தீபத்தன்று தெருவையே அசத்துவதாகத் திட்டம். எனக்குச் சங்கீதமே தெரியாது என்பதை மனைவி சந்திரகலா நினைவுபடுத்தினாள்.

அவள் கவலை வேறு. மூன்று கோடையாக ஏசி கேட்கிறாள். திருவண்ணாமலை மலை பகலெல்லாம் குடித்த வெயிலை, பொழுது சாய்ந்ததும் எங்கள் படுக்கையறைக்கு அனுப்பிவைக்கும். நானும் சளைக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன்: "அக்னி ஸ்தலத்துல இருந்துகிட்டு சூட்டுக்குப் பயந்தா எப்படி?" இந்தப் பதிலில் எனக்கு ரொம்பப் பெருமை.

டபுள் பாஸை எடைக்குப் போடச் சொல்லுவாள், முடியாது என்று சொல்லி ஜெயிக்கலாம் என்று காத்திருந்தேன். அவளோ, சரிசெய்தால் தேறுமா என்று தன் சித்தப்பா மகன் அர்ஜுனனைக் கேட்கலாம் என்றாள். அவனுக்குச் சென்னையில் வாத்தியம் ரிப்பேர் செய்வதுதான் தொழில். ஆள் பணிந்துவிட்டாள் என்று பூரித்துப்போனேன்.

அர்ஜுனன் வந்தான். சமையலறையில் அக்காவும் தம்பியும் காபி ஆறும்வரை பேசினார்கள். பிறகு டபுள் பாஸைத் தட்டினான், காது வைத்தான், செல்போன் வெளிச்சத்தில் உள்ளே எட்டிப்பார்த்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கும் சொந்தக்காரன் மாதிரி நான் கையைப் பிசைந்தேன்.

"அருமையான மரம் மாமா. ஒட்டித் தரேன். ஆனா இந்தச் சூட்டுல பசை நிக்காது. ஏசி ரூம் இல்லன்னா காயலாங்கடைதான்."

"ஏசியெல்லாம் எதுக்குங்க, தண்டச் செலவு," என்றாள் சந்திரகலா. "பேசாம காயலாங்கடைக்கே போட்டுடலாம்."

அவள் பேச்சைக் கேட்பதா? அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். மறுநாள் படுக்கையறையில் ஏசி மாட்டியாகிவிட்டது.

அர்ஜுனன் விரிசலை ஒட்டி, இறுக்கிக் கட்டினான். கோடை முடிகிறவரை நிமிர்த்தக்கூடாதாம். தரையிலும் ஆகாதாம், மெத்தையில்தான் படுக்கவைக்க வேண்டுமாம். எங்கள் கட்டிலில் இரண்டு பேருக்குத்தான் இடம். என் சாமானுக்கு என் இடத்தைக் கொடுப்பதுதான் நியாயம் என்று சந்திரகலா சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, தலையணையோடு அறைக்கதவைத் திறந்தேன். உள்ளே ஜில்லென்று இருந்தது. அவள் கழுத்துவரை போர்த்தியிருந்தாள். பக்கத்தில் என் போர்வையைப் போர்த்திக்கொண்டு டபுள் பாஸ் படுத்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஹால் அடுப்பு மாதிரி கொதிக்குது, சந்திரா."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"கதவைச் சாத்துங்க, குளிர் வெளிய போவுது. அக்னி ஸ்தலத்துல இருந்துகிட்டு சூட்டுக்குப் பயந்தா எப்படி?"